வீட்டுத் தோட்டமும் காட்டுயிர்த் தொல்லையும்

புழக்கடையில் ஒரு சென்ட் நிலமும், சமையலறையிலிருந்து வெளியேறும் நீரும் இருந்தால் கத்தரி, வெண்டை, அவரை, கீரை முதலியவற்றை நாமே விளைவித்துக் கொள்ளலாம். சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனமும் தறியும் மக்களின் பிழைப்பு. இங்கே காய்கறிச் செலவு குறைவது குடும்பத்திற்குச் சிறிய உதவியன்று. ஆனால் விதைத்ததை மயிலும், காய்த்ததை அணிலும் குரங்கும், கிழங்கை எலியும் கொண்டுபோனால் பாடுபட்டவருக்குச் சினம் வருவது இயல்பே. அச்சினத்தில் நஞ்சையோ மின்சாரத்தையோ நாடுவது பெருந்தவறாகும்.

மயில் 1963ஆம் ஆண்டு முதல் நமது தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வோருக்கு மூன்றாண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. மின்வேலியோ அதனினும் கொடிது. 2023 மார்ச்சு மாதத்தில், அண்டை மாவட்டமாகிய தருமபுரியில், மாரண்டஹள்ளி அருகே சட்ட விரோதமாக அமைத்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் மனிதரையும் அது விட்டுவைக்காது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது?

முதலாவது, உயிர்வேலி. மழைக்கு முன்பே கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டால் அவை வேர்பிடித்து முள்வேலியாகும். அது வளரும் வரை, பழைய சேலைகளைச் சுற்றிலும் இழுத்துக் கட்டலாம். உள்ளே இருப்பது தெரியாமையாலும், துணி காற்றில் அசைவதாலும் விலங்குகள் தயங்கும்.

இரண்டாவது, மயிலுக்குத் தடை. நாற்றுப் பருவத்தில் பாத்தியின்மேல் முட்கிளைகளையோ பனையோலையையோ பரப்புக. பின்னர்க் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினால் மயில் இறங்கத் தயங்கும். வலை கட்டுவோர் அதை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். தளர்ந்த வலையில், எலியைத் தின்று நமக்கு உதவும் பாம்பு சிக்கி மாளும்.

மூன்றாவது, எலியும் அணிலும். வரப்பைப் புல்லின்றி வைத்துக் கிட்டிகளைப் பொருத்துக. இரவில் ஆந்தை அமர்வதற்குக் குறுக்குக் கட்டையுடன் கூடிய கம்பு ஒன்றை நடுக. நஞ்சு வைத்தால், நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் மடியும், எலியே மிகும். அணில் கடிக்கும் காய்களுக்குத் துணிப்பை கட்டினால் போதும்.

ஒரு வீட்டார் மட்டும் வேலி கட்டினால் தொல்லை அடுத்த வீட்டிற்கு நகருமேயன்றி நீங்காது. ஆதலின் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்வர வேண்டும். ஊரை ஒட்டிய சீமைக் கருவேலப் புதர்கள் பன்றிக்கும் மயிலுக்கும் மறைவிடம், அவற்றை அகற்றுக. தெருவில் குப்பை சேர விடாதீர்கள். குரங்குக்குத் தீனி போடும் வழக்கத்தை நிறுத்துங்கள். காட்டுப்பன்றி வந்தால் வனத்துறைக்கு மனு கொடுங்கள். 2025ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவதும் வனத்துறையினரின் பணியே. உழவர் தாமே செய்யத்தக்கதன்று.

வேலி விலங்கைத் தடுப்பதற்கே, கொல்வதற்கன்று. இதை ஊரார் ஒன்றுகூடி உணர்ந்து செயற்பட்டால் நமது வீட்டுத் தோட்டங்கள் செழிக்கும். எவருடைய உயிருக்கும் தீங்கு நேராது.