டூர் பிளான் போடத் தெரியுமா? இனிமே சும்மா போட்டுக் கொடுக்காதே!

மாமியாரைக் காசிக்குக் கூட்டிட்டுப் போகணுமா, ஆபீஸ் தோழிகள் ஊட்டி போகணுமா, சித்தி குடும்பம் குலதெய்வம் கும்பிட்டுட்டு அப்படியே ரெண்டு ஊர் பார்க்கணுமா... எல்லாரும் உன் வாட்ஸ்அப்புக்குத்தானே வர்றாங்க? நீயும் பாத்திரம் கழுவி முடிச்சுட்டு, ராத்திரி உட்கார்ந்து எந்த ரயில், எந்த லாட்ஜ், எங்க சாப்பாடுன்னு எழுதி அனுப்புற. பதிலுக்கு ஒரு கும்பிடு இமோஜி! போதும்மா. இதைத் தொழிலா பண்ணு. எப்படின்னு அக்கா சொல்றேன்.

முதல்ல ஒண்ணை மனசுல ஏத்திக்கோ. பார்க்க வேண்டிய இடங்களோட பட்டியல் யூடியூப்லயே கிடைக்குது. அதுக்கு யாரும் காசு தர மாட்டாங்க. எதை விடணும், எப்போ கிளம்பணும், எந்தக் கதவு என்னிக்கு மூடியிருக்கும்னு சொல்றதுக்குத்தான் உனக்குக் காசு.

1. ஒரே ஒரு ரூட்டைப் பிடி. எடுத்தவுடனே காஷ்மீர், அந்தமான், சிங்கப்பூர்னு போர்டு மாட்டாதே. உனக்குத் தண்ணிபட்ட பாடா இருக்கிற ஒரு வட்டாரம் போதும். கும்பகோணம் பக்கம் தெரியுமா? நவக்கிரகக் கோவில்களை எடுத்துக்கோ. சூரியனார்கோவிலும் கஞ்சனூரும் பக்கத்துப் பக்கத்துல. வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூணும் ஒரே திசை. திங்களூர் திருவையாறு பக்கம், திருநள்ளாறு காரைக்கால் பக்கம். ரெண்டும் ரெண்டு கோடி. வியாழக்கிழமை ஆலங்குடியிலயும் சனிக்கிழமை திருநள்ளாறுலயும் கூட்டம் அள்ளும். இதைத் தெரிஞ்சு வரிசை மாத்திப் போடுறவளைத்தான் ஜனங்க தேடி வருவாங்க.

2. யாருக்குன்னு முடிவு பண்ணு. கும்பகோணத்துல இருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே நவக்கிரகச் சுற்றுலா பஸ் விடுது. அப்புறம் உன்கிட்ட ஏன் வரணும்? முட்டிவலி இருக்கிற அப்பாவுக்கு நடை குறையணும், கைக்குழந்தைக்கு மதியம் தூங்க ஒரு ரூம் வேணும். பஸ்ல இது நடக்காது. வயசானவங்க, குழந்தையோட போறவங்க, பெண்கள் மட்டும் போற குழு, வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வர்ற குடும்பம்னு ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடு. எல்லாருக்கும் எல்லாம் பண்றேன்னு நிக்காதே.

3. கேள்வித்தாள் இல்லாம பேனாவைத் தொடாதே. போன்ல அரை மணி நேரம் கதை கேட்டா உன் அடுப்புல பால் பொங்கிடும். கேள்விகளை ஒரு தடவை டைப் பண்ணி வெச்சுக்கோ, வர்றவங்களுக்கு அப்படியே அனுப்பு. இதெல்லாம் கட்டாயம் இருக்கணும்:
- யார் யார், என்ன வயசு, படி ஏற முடியுமா?
- சைவமா? வெங்காயம், பூண்டு சேர்ப்பாங்களா?
- மலைப்பாதையில யாருக்கு வாந்தி வரும்?
- தலைக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?
- விடவே முடியாத ஒரே ஒரு இடம் எது?

கோவில் டூர்னா தேதியை ஆம்பளைங்க மட்டும் முடிவு பண்ண விடாதே. வீட்டுப் பெண்களைக் கேட்டுட்டுத் தேதி சொல்லச் சொல்லு. கடைசி நேரத்துல தேதி மாறுறதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

4. மூடுற நாளை மனப்பாடம் பண்ணு. ஈசிஆர் பக்கம் செவ்வாய்க்கிழமை பிளான் போட்டா தட்சிணசித்ரா மூடியிருக்கும். அதுக்குப் பதிலா வண்டலூர் போலாம்னா அதுக்கும் அன்னிக்குத்தான் விடுமுறை. எழும்பூர் மியூசியமும் தாஜ்மகாலும் வெள்ளிக்கிழமை கிடையாது. நம்ம ஊர்க் கோவில்கள்ல பெரும்பாலும் மதியம் நடை சாத்தினா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. அந்த நேரத்துலதான் சாப்பாடு, தூக்கம், அடுத்த ஊர்ப் பயணம் எல்லாத்தையும் அடைக்கணும். கிரகண நாளைப் பஞ்சாங்கத்துல பார்த்துக்கோ. திருப்பணி நடக்கிற கோவில்ல பாலாலயம் பண்ணியிருந்தா மூலவர் தரிசனம் கிடைக்காது. கோவில் ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடு.

5. வழியில மடக்குற விதிகளை முன்னாடியே சொல்லு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில போக 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும். செக்போஸ்ட்ல நின்னுட்டு அதுக்கு அப்ளை பண்ணா பாதி நாள் போச்சு. நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை, அதனால வீட்டுல இருந்து ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கச் சொல்லு. திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோவிலுக்கு ஆம்பளைங்க வேட்டி கட்டணும். பேன்ட்டோட போய் வாசல்ல முழிச்சா திட்டு உனக்குத்தான் விழும்.

6. ரயில் டிக்கெட்டை உன் ஐடியில போடாதே. இதை அழுத்திச் சொல்றேன், கேட்டுக்கோ. ஐஆர்சிடிசி சொந்த ஐடியில வீட்டு ஆளுங்களுக்கும் தெரிஞ்சவங்களுக்கும் போடலாம். அதையே காசு வாங்கிக்கிட்டு வாடிக்கையாளருக்குப் போட்டா ரயில்வே சட்டம் 143-வது பிரிவுல குற்றம். 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லேன்னா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், சில சமயம் ரெண்டுமே. எந்த ரயில், எந்த வகுப்பு, என்னிக்குக் காலையில 8 மணிக்கு முன்பதிவு திறக்கும்னு எழுதிக் கொடு, அவங்களே போட்டுக்கட்டும். இப்போ 60 நாள் முன்னாடிதான் திறக்குது. தீபாவளி, பொங்கல் டூர்னா அதுக்கும் ஒரு மாசம் முன்னாடியே பிளானை முடிச்சுடு.

7. ரூம், வேன் காசும் உன் கை வழியா போக வேண்டாம். கேன்சல் ஆனா சண்டை உன் வாசலுக்கு வரும். நம்பர் கொடு, என்ன கேட்கணும்னு சொல்லிக்கொடு, பணத்தை அவங்க நேரா கட்டட்டும். வேன்னா டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், வெளிமாநில பெர்மிட், ஒரு நாளைக்குக் குறைந்தபட்ச கிலோமீட்டர் எல்லாம் வாடகையில சேர்ந்திருக்கான்னு முதல்லயே கேட்கச் சொல்லு. மஞ்சள் போர்டு வண்டிதான் வாடகைக்கு. மலிவா கிடைக்குதுன்னு சொந்த வண்டியை வாடகைக்கு விடுறவங்களைக் கைகாட்டாதே, விபத்துன்னா இன்சூரன்ஸ் கைவிட்டுடும்.

8. நாளை நிரப்பாதே. புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு இது. காசு கொடுத்தாங்களேன்னு ஒரு நாள்ல எட்டு இடம் திணிப்பாங்க. மேப் ஒரு மணி நேரம்னு காட்டினா, குடும்பத்தோட போறவங்களுக்கு ஒன்றரை மணி நேரம் எழுது. டீ, பாத்ரூம், பூக்கடை எல்லாம் மேப்ல வராது. பெண்களுக்குச் சுத்தமான பாத்ரூம் எந்தப் பெட்ரோல் பங்க்ல, எந்த ஹோட்டல்லன்னு எழுதி வை. உன் பிளான்ல அவங்க அதிகம் பாராட்டுற வரி அதுவாத்தான் இருக்கும்.

9. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அழகழகா போட்டோ ஒட்டி நாற்பது பக்கம் அனுப்பாதே. பெரிய எழுத்துல, தமிழ்ல, நேரம், இடம், மேப் லிங்க், போன் நம்பர் மட்டும் போதும். மலையில சிக்னல் இருக்காது, அதனால ஒரு பிரின்ட் எடுத்துக்கச் சொல்லு. டிரைவருக்கு ஊர் வரிசை மட்டும் தனியா ஒரு தாள். மழை வந்தா என்ன பண்றதுன்னு கடைசியில ரெண்டு வரி சேர்த்துடு. குற்றாலத்துல வெள்ளம் வந்தா குளிக்க விட மாட்டாங்க, அன்னிக்கு எங்க போறதுன்னு நீதான் சொல்லணும்.

10. விலையைச் சொல்லக் கூச்சப்படாதே. ஒரு பிளானுக்கு உனக்கு ஆறு மணி நேரம் ஆகுதா? மணிக்கு 200 ரூபாய்னு வெச்சாக்கூட 1,200 ஆச்சு. அதுல கணக்கை ஆரம்பி. பாதிக் காசு முன்னாடி, மீதி வந்த பிறகு முழுப் பிளான். பார்க்கணும்னு கேட்டா ஒரு நாள் மாதிரி மட்டும் காட்டு. திருத்தம் ரெண்டு தடவைதான், மூணாவதுக்குத் தனிக் காசு. இதெல்லாம் எழுத்துல இருக்கட்டும். லாட்ஜ்காரர் கமிஷன் கொடுத்தா வாடிக்கையாளர்கிட்ட மறைக்காதே. மறைச்சு வாங்கினா அடுத்த தடவை உன் வார்த்தையை நம்ப மாட்டாங்க.

11. காகித வேலையைத் தள்ளிப் போடாதே. உத்யம் பதிவுக்கு அரசாங்க இணையதளத்துல ஒரு பைசா கிடையாது. காசு கேட்கிற போலி ஆளுங்ககிட்ட மாட்டாதே. சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாதான் ஜிஎஸ்டி பதிவு. அதுவரைக்கும் பயப்படாதே, ஆனா வரவு செலவை ஒரு நோட்டுல எழுது. தொழிலுக்குத் தனி பேங்க் அக்கவுன்ட் வை. வீட்டுச் செலவுல கலந்துட்டா லாபம் வந்ததே தெரியாது.

இவ்வளவுதாம்மா. பெரிய முதல் வேண்டாம், ஆபீஸ் வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமை உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு ரூட்டை எடுத்து, ரெண்டு நாள் பிளானா எழுதி முடி. கீழ உன் பேரையும் விலையையும் போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வை. முதல் ஆளா அந்தச் சித்தியே “நமக்குள்ள என்னடி காசு?”ன்னு கேட்பாங்க. வேணும்னா பத்து சதவீதம் குறைச்சுக்கோ. சும்மா மட்டும் கொடுத்துடாதே.