நகர்த்தும் குளிர்சாதனம்: வாங்குமுன் அறிய வேண்டியவை

விடியலில் பால்வெட்டுக்குச் சென்று நண்பகலில் வீடு திரும்பும் தொழிலாளர்க்குத் தகரக் கூரையின் கீழ் ஓய்வு கொள்வது எளிதன்று. முதியோரும் கைக்குழந்தைகளும் அவ்வெப்பத்தால் பெரிதும் வாடுகின்றனர். ஆதலின், சுவரில் பொருத்தத் தேவையில்லாத, சக்கரங்களில் நகரும் குளிர்சாதனத்தைத் தவணை முறையிலேனும் வாங்கச் சிலர் விரும்புகின்றனர். பல நூறு வெள்ளியைச் செலவிடுமுன் அக்கருவி இயங்கும் முறையை அறிந்துகொள்ளுதல் நலம்.

இயங்கும் முறை

குளிர்சாதனம் அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே சேர்க்கும் கருவியாகும். ஊசி போடுமுன் கையில் தடவும் ஸ்பிரிட், உலரும்போது குளிர்ச்சி தருவதை நாம் உணர்ந்திருக்கிறோம். திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. குளிர்சாதனத்தின் உட்சுருளிலும் ஒருவகைத் திரவம் இவ்வாறே ஆவியாகி, அறைக்காற்றின் வெப்பத்தை ஈர்க்கிறது. பின்னர் கம்ப்ரசர் அவ்வாவியை அழுத்துகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதுபோல், அழுத்தப்பட்ட ஆவியும் சூடேறுகிறது. மற்றொரு சுருளில் அது வெப்பத்தை விட்டு, மீண்டும் திரவமாகிறது. அவ்வெப்பத்தையே பின்புறமுள்ள பருத்த குழாய் வெளியேற்றுகிறது.

எனவே, அக்குழாயைச் சன்னலுக்கு வெளியே விடாமல் கருவியை இயக்கினால், எடுத்த வெப்பம் அறைக்கே திரும்பும். கருவியின் சொந்தச் சூடும் அதனுடன் சேரும். முன்புறம் குளிர்காற்று வீசினாலும் அறை மேலும் வெப்பமடையும்.

ஏமாற வேண்டா

நீர்த்தொட்டியும் விசிறியும் மட்டும் கொண்ட 'ஏர் கூலர்' வேறு கருவி. அது நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விப்பது. வறண்ட நாடுகளில் அது நன்கு பயன்படும். ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் நீர் எளிதில் ஆவியாகாது. அடைத்த அறையில் புழுக்கமே மிகும். கடையில், "கம்ப்ரசர் உண்டா? வெப்பம் வெளியேறக் குழாய் உண்டா?" என்று கேளுங்கள். சிரிம் முத்திரை உள்ளதா என்றும் பாருங்கள்.

பயன்படுத்தும் முறை

1. குழாயைக் குறுகியதாகவும் நேராகவும் வைக்க வேண்டும். மடிந்தால் சூட்டுக்காற்று தடைப்படும்.

2. ஒற்றைக் குழாய்க் கருவி அறைக்காற்றை வெளியே தள்ளுவதால், இடுக்குகள் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். சுவருக்கும் கூரைக்கும் இடையே திறப்புள்ள வீட்டில் பயன் மிகக் குறையும். சன்னல் இடைவெளியை அடைத்து, கதவைச் சாத்துக. அவ்வறையில் கரியடுப்போ எரிவாயு அடுப்போ எரியலாகாது.

3. மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் இணைக்கலாகாது. கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். சுவரிலுள்ள பிளக்கில் நேரடியாக இணைக்கவும்.

4. புதிய கருவிகள் பலவற்றில் எளிதில் தீப்பற்றும் புரொப்பேன் வாயு உள்ளது. குழாய்ச்சுருளைத் துளைத்தலும், அருகில் தீ மூட்டுதலும் கூடா.

5. காற்று வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை கழுவி உலர்த்துக.

6. காற்றின் ஈரம் நீராகித் தட்டில் சேரும். 1902இல் அமெரிக்கரான வில்லிஸ் கேரியர், அச்சகம் ஒன்றில் தாளைக் கெடுத்த ஈரத்தை நீக்கவே இத்தகைய கருவியை முதலில் வடிவமைத்தார். தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டுக. வாளியில் விட்டுவைத்தால் டெங்கிக் கொசு முட்டையிடும்.

செலவு

சுமார் 1,000 வாட் கருவி 8 மணி நேரம் இடைவிடாது இயங்கினால் 8 யூனிட் மின்சாரம் செலவாகும். 60 வாட் விசிறி அதே நேரத்தில் அரை யூனிட்டே கொள்ளும். ஆதலால், சிறிய அறை ஒன்றை மட்டும் 25 பாகையில் குளிர்வித்து, விசிறியையும் உடன் இயக்குவது சிக்கனமாகும். முதியோரையும் குழந்தைகளையும் அவ்வறையில் உறங்கச் செய்யலாம்.

வெப்பம் வெளியேற வழியில்லாத வீட்டிற்கு இக்கருவி ஏற்றதன்று. அத்தகைய வீட்டினர், கூரைக்குக் கீழே வெப்பந்தடுக்கும் தட்டி அமைப்பதற்கு அப்பணத்தைச் செலவிடின் பகல் முழுவதும் பயன் பெறுவர். மின் கட்டணமும் ஏறாது.