“கேஸ் செட்டில் ஆயிட்டு”: எந்தக் கேஸ், யாருக்கு?

“கேஸ் செட்டில் ஆயிட்டு.” நாகர்கோவில் கோர்ட் வாசலில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் இருக்காது. விபத்து கேஸோ, சொத்துத் தகராறோ, இன்சூரன்ஸ் கிளைமோ, கடைசியில் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறோம். அந்தத் தாளில் பெரும்பாலும் “முழுமையான, இறுதியான தீர்வு” என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியால் எது முடிகிறது, எது முடியாமல் நிற்கிறது? நம் மாவட்டக் கடற்கரையை உலுக்கிய ஒரு வழக்கை வைத்துப் பார்ப்போம்.

ஒரு படகு, பத்து வருஷம்

2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ‘செயின்ட் ஆண்டனி’ படகின் மீது ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம்ம இரயுமன்துறைக்காரர். படகு உரிமையாளரும் நம் மாவட்டத்துப் பூத்துறையைச் சேர்ந்தவர்.

அதே வருஷம் ஏப்ரலில் ஒரு சமரசம் ஏற்பட்டது. இரண்டு குடும்பங்களுக்கும் தலா ரூ.1 கோடி, படகு உரிமையாளருக்கு ரூ.17 லட்சம் என இத்தாலி கொடுத்தது. இந்தச் சமரசத்தை உச்ச நீதிமன்றம் கடுமையாக விமர்சித்தது. குற்ற வழக்கும் நிற்கவில்லை.

விவகாரம் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2020 மே 21 தேதியிட்ட தீர்ப்பு, இந்தியாவுக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்றது. எதற்கெல்லாம் என்பதையும் பிரித்துச் சொன்னது: உயிரிழப்பு, உடல் பாதிப்பு, பொருள் சேதம், படகுத் தலைவரும் மற்றத் தொழிலாளர்களும் அனுபவித்த மன வேதனை. தொகை ரூ.10 கோடி என்று பேசி முடிவானது. இரண்டு குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. முன்பு கொடுத்த 2 கோடியே 17 லட்சம் கருணைத் தொகை என்பதால் இதில் கழிக்கப்படவில்லை. பணம் கட்டப்பட்ட பிறகு, 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியாவில் இருந்த வழக்குகளை முடித்துவைத்தது.

எல்லாம் முடிஞ்சாச்சு என்றுதான் தோன்றும். ஆனால் படகில் உயிர் தப்பிய தொழிலாளர்கள், “எங்க பங்கு எங்கே?” என்று கோர்ட்டுக்கு வந்தார்கள். பட்டியலில் அவர்களுக்கெனத் தனித் தொகை இல்லை. உரிமையாளருக்கான 2 கோடியைக் கொடுப்பது நிறுத்திவைக்கப்பட்டது. 2022 நவம்பரில் அதிலிருந்து ஒன்பது பேருக்குத் தலா ரூ.5 லட்சம், மீதி ரூ.1.55 கோடி உரிமையாளருக்கு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதிலிருந்து நமக்கு

யாருடைய கோரிக்கை? ஒருவர் போட்ட கையெழுத்து அடுத்தவருடைய உரிமையை முடிக்காது. ஒப்பந்தத்தில் வாரிசுகள், கூட்டுப் பங்குதாரர், தொழிலாளர் என ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் பங்கு இருக்கும் வழக்கு என்றால், அவர்கள் சார்பில் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி கட்டாயம்.

எந்தக் கோரிக்கை? வண்டிச் சேதத்துக்கு வாங்கிய பணம் கால் முறிவுக்கான இழப்பீடு ஆகாது. “எல்லாக் கோரிக்கைகளும்” என்று மொத்தமாக எழுதியிருந்தால், பிறகு தெரியவரும் மருத்துவச் செலவைக் கேட்பதும் சிரமமாகிவிடும்.

எந்தக் கணக்கில் வரும் பணம்? கருணைத் தொகையா, முன்பணமா, இறுதி இழப்பீடா? அந்தப் பெயர் எழுத்தில் இருக்கட்டும். அதைப் பொறுத்துத்தான் பிற்பாடு கழிப்பார்களா, மாட்டார்களா என்பது.

குற்ற வழக்கு தனி. பணம் வாங்கியதால் கொலை வழக்கு முடியாது. அதை நடத்துவது அரசு. சட்டம் பட்டியலிட்ட சில குற்றங்களை மட்டுமே இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ள முடியும்.

தீர்வு வேறு, பைசல் வேறு. ‘இ-கோர்ட்ஸ்’ செயலியில் உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் ‘டிஸ்போஸ்டு’ என்று காட்டலாம். கோர்ட்டில் கோப்பு மூடப்பட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். பணம் கைக்கு வந்துவிட்டது என்பதல்ல.

மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போடும் முன்

லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும். ஏற்கெனவே கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, அங்கே ஆகும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதை எதிர்த்து அப்பீல் கிடையாது. மோசடி நடந்தது போன்ற மிகச் சில காரணங்களுக்காக மட்டும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதனால் யோசிக்க வேண்டியது கையெழுத்துக்கு முன்னால்தான்.

• ஒப்பந்தம் தமிழில் இல்லையென்றால் வரிவரியாக வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.
• தொகை, கொடுக்கும் தேதி, எந்த வங்கிக் கணக்கு, தவறினால் வட்டி எவ்வளவு என நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.
• எழுதாத தாளிலோ, தொகை நிரப்பாத ரசீதிலோ கையெழுத்து வேண்டாம்.
• பணம் வரும் முன் “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கொடுக்க வேண்டாம்.
• கையெழுத்தான பிரதி ஒன்றை வாங்குங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள்.

“வற்புறுத்திக் கையெழுத்து வாங்கிட்டாங்க” என்றால் வழி இல்லாமல் இல்லை. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதத்தை ரத்து செய்யக் கேட்க, ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். தாமதம் வேண்டாம்.

உதவி எங்கே?

நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வட்ட அளவிலும் சட்டப் பணிகள் குழுக்கள் உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற இலவச எண்ணில் பேசி, ஒப்பந்த வரைவைக் காட்டி ஆலோசனை கேட்கலாம்.

படகில் உயிர் தப்பியவர்கள் தங்கள் பங்குக்காக 2022 வரை காத்திருந்தார்கள். தாளில் அவர்களுக்கென ஒரு வரி முதலிலேயே இருந்திருந்தால் அந்தக் காத்திருப்பு தேவைப்பட்டிருக்காது. உங்கள் தாளில் உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.