அரசாணையும் நாற்பது நிமிடமும்

மயிலாப்பூர்

அன்பு மகளே,

பி.எட். இடம் கிடைத்த செய்தி கண்டு மகிழ்ந்தேன். "பாடம் நடத்தப் போகிறவளுக்குக் கல்விக் கொள்கை எதற்கு, டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாய். நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

2011 ஜூனில் பள்ளி திறந்தபோது, என் ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை கையிலும் புத்தகம் இல்லை. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்து கிடந்ததை ஒன்றாக்க 2010-இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. முதலில் 1, 6 வகுப்புகளுக்கு நடைமுறையானது. மற்ற வகுப்புகளின் முறை வந்தபோது ஆட்சி மாறியிருந்தது. புதிய அரசு அதை நிறுத்திவைத்தது. உயர் நீதிமன்றம் சென்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்து நாளில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு வரும்வரை பிள்ளைகளைச் சும்மா உட்காரவைக்க முடியுமா? தெப்பக்குளக் கரையைக் காலடியால் அளந்து வரச் சொன்னேன், பரப்பளவு படித்தார்கள். மாட வீதிக் கடைகளில் காய்கறி விலையைக் குறித்து வந்தார்கள், சதவீதம் படித்தார்கள். ஆனால் புத்தகம் வந்த பிறகு, விட்டுப்போன பாடங்களை ஓட்டமாக ஓட்டினேன். வாய் திறந்து சந்தேகம் கேட்காத பிள்ளைகள்தான் அதில் பின்தங்கினார்கள். அது இன்றும் என் மனதை அறுக்கிறது. ஏழாம் வகுப்பு ஒரு பிள்ளைக்கு ஒருமுறைதான் வரும்.

அடுத்த கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை, புத்தகங்களை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது. பையின் கனம் குறைந்தது, நல்லது. பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணும் பிரிந்தது. ஒவ்வொரு பிள்ளையின் செயல்பாட்டையும் கவனிக்க அது வழி செய்தது. அதைப் பதிவேட்டில் ஏற்ற என் இரவுகள் போயின. ஒரே ஆணை பிள்ளைக்கு நேரம் தரும், ஆசிரியரிடமிருந்து நேரத்தை எடுக்கவும் செய்யும்.

உன் நேரத்தைக் காக்கும் சட்டமும் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. இதை மனப்பாடம் செய்துகொள். பணிவாகவும் தெளிவாகவும் எடுத்துச் சொல்லத் தெரிந்தால், உன் வகுப்பு ஆளில்லாமல் கிடக்காது.

காலைப் பசியோடு வரும் பிள்ளைக்கு முதல் பாடவேளை காதில் ஏறாது. தி.நகருக்குப் பெயர் தந்த தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல் ஆயிரம் விளக்கு பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. சமையற்கட்டில் எடுத்த முடிவுகளாகத் தோன்றும் இவைதான் ஆசிரியருக்கு ஒரு பாடவேளையை மீட்டுத் தந்தன.

2025 ஆகஸ்ட் 8 அன்று கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. வகுப்பு தொடங்குமுன் அதை முழுதாகப் படி. ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும், 'இதனால் என் நாற்பது நிமிடப் பாடவேளை என்னவாகும்? கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?' என்று பென்சிலால் எழுது. எழுதியதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உன் டீச்சர்