பந்தல் காலுக்கு மருந்து ஏற்றிய மரம்: இரு முறை உலர வேண்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு ஓய்வு என்பதே இல்லை. மற்ற ஊர்களில் ஒரு பருவம் காய்த்து ஒரு பருவம் வெறுமனே நிற்கும் கொடி, இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழமாகத் தொங்குகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு இந்த இடைவிடாத காய்ப்பும் ஒரு காரணமாகும். விவசாயிக்கு இது லாபம். பந்தல் காலுக்கோ இது சோதனை. பழுதான காலை நிதானமாக மாற்றுவதற்கு வெற்றுப் பந்தல் கிடைப்பதில்லை. பழம் நிறைந்த நேரத்தில் ஒரு கால் முறிந்தால் அதன் பாரம் பக்கத்துக் கால்களின் மேல் விழுகிறது; கம்பி தொய்கிறது; கொடியோடு பந்தல் இறங்கிவிடுகிறது.

பந்தலின் ஓரங்களில் கல்தூண் நடுவது நல்ல வழக்கம். கல் உளுத்துப் போவதில்லை. ஆனால் இடைக்கால்களுக்கும் முட்டுக்களுக்கும், தோட்டத்து வேலிக்கும், பம்புசெட் கொட்டகைக்கும் சவுக்கையும் தைலமரத்தையும் நாடுவோர் பலர். இவற்றை அப்படியே மண்ணில் நட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே ஆட்டம் காண்பதை யாவரும் அறிவர். கால் முறிவது பெரும்பாலும் மண்மட்டத்தில்தான். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, ஈரம் நிற்பதில்லை. ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் அந்த அரை அடி உயரத்தில்தான் மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சாணம் செழிக்கிறது. கறையானும் அந்த வழியாகவே ஏறுகிறது.

இதைத் தடுக்கவே ஆலைகளில் மரத்துக்கு அழுத்தத்தின் மூலம் மருந்து ஏற்றுகிறார்கள். பச்சை நிறம் பாய்ந்த கம்பங்களாகவும் பலகைகளாகவும் இவை விற்பனைக்கு வருகின்றன. இவற்றை வாங்கி நட்டவர்களில் சிலர், "மருந்து மரமும் உளுத்துத்தான் போகிறது" என்று குறை கூறுவது உண்டு. மருந்தின் பேரில் பழி போடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மரம் மருந்து ஏறுமுன் உலர்ந்திருந்ததா, ஏறிய பின்னும் உலர்ந்ததா?

நம் நாட்டுக் கண்டுபிடிப்பு

உலகெங்கும் தந்திக் கம்பங்களுக்கும் வேலிக் கால்களுக்கும் பயன்பட்ட செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலவை மருந்து நம் நாட்டில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம் 1933இல் இதைக் கண்டறிந்தார். 'அஸ்கு' என்ற பெயரில் அது வெளிநாடுகளுக்கும் போயிற்று.

இம்மருந்தில் உள்ள செம்பு உப்பு திராட்சை விவசாயிக்குப் புதிய சரக்கு அல்ல. அடிச்சாம்பல் நோய்க்காகப் போர்டோ கலவையில் சுண்ணாம்போடு கரைக்கும் அதே மயில்துத்தந்தான். இலையில் பூஞ்சாணத்தைத் தடுப்பது போலவே மரத்திலும் தடுக்கிறது. கறையானையும், செம்புக்கு அஞ்சாத சில பூஞ்சாணங்களையும் ஆர்செனிக் பார்த்துக்கொள்கிறது. குரோமியத்தின் வேலை வேறு. மற்ற இரண்டையும் மழையில் கரைந்து ஓடாதபடி மர நாரோடு பிணைத்து வைப்பது அது. இந்தப் பிணைப்பு ஆலையில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பிறகும் நாட்கள் வேண்டும்.

வைரம் அல்ல, வெள்ளையே வேண்டும்

வீட்டு நிலைக்கும் கதவுக்கும் மரம் வாங்கும்போது வெள்ளையைத் தள்ளி வைரத்தைத் தேடுவது தச்சர் வழக்கம். மருந்து ஏற்றும் கம்பத்தில் கணக்கு தலைகீழ். சாறு ஓடிய வெளிப்புற வெள்ளை மரந்தான் மருந்தைக் குடிக்கும். அடைபட்ட வைரத்துக்குள் எத்தனை அழுத்தம் கொடுத்தாலும் மருந்து சரிவர ஏறாது. ஆகவே தைலமரத்தையோ சவுக்கையோ சதுரமாக அறுத்து வெள்ளையைச் சீவிவிடாமல், பட்டையை மட்டும் உரித்து உருண்டையாகவே மருந்து ஏற்ற வேண்டும். வெளி வளையம் முழுவதும் மருந்து ஊறி நின்றால் அதுவே உள் மரத்துக்கு மதில் சுவர்.

அந்த மதிலில் விரிசல் விழக்கூடாது. இங்கேதான் உலர்த்தலின் அவசியம் வருகிறது.

முதல் உலர்த்தல்

புதிதாக வெட்டிய மரத்தில் அதன் உலர்ந்த எடையில் பாதி அளவும், சில மரங்களில் அதற்குச் சமமாகவும் தண்ணீர் இருக்கும். தண்ணீர் நிறைந்த குடத்தில் பால் ஊற்ற முடியாது. அதுபோலச் சாறு நிறைந்த மரத்தில் மருந்து புகாது. ஈரம் சுமார் 25 சதவீதத்துக்கு இறங்கிய பின்னரே அழுத்த முறையில் மருந்து ஏற்றுவது பயன் தரும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது, அப்போதே வெடிக்கிறது. வெடிக்க வேண்டிய கம்பம் மருந்துக்கு முன்பே வெடித்துவிட்டால் அந்த வெடிப்பின் உட்சுவரிலும் மருந்து ஊறும். பச்சையாக மருந்து ஏற்றிய கம்பம் பிறகு தோட்டத்தில் நின்று வெடித்தால், மருந்து படாத உள் மரம் வெளியே தெரியும். மழை நீர் அதில் இறங்கும். வெளியே பச்சை நிறமாகவும் உள்ளே மக்காகவும் இருக்கும் கால்களின் கதை இதுதான்.

தேனி மாவட்டத்தில் மரத்தை உலர்த்துவது சுலபம், கெடுப்பதும் சுலபம். ஆனி முதல் ஆவணி முடிய கணவாய் வழியே வீசும் மேல்காற்று காற்றாலைகளைச் சுழற்றும் வேகம் உடையது. அந்தக் காற்றில் திறந்தவெளியில் போட்ட தைலமரக் கம்பம் சில நாட்களிலேயே முனையில் பிளந்துவிடும். மேற்புறம் உலர்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருப்பதால் வரும் கேடு இது. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ மரம் உலராமல் பூசணம் பூக்கும். தை, மாசி, பங்குனி மாதங்களே உலர்த்துவதற்கு ஏற்றவை.

அடுக்கும் முறையும் முக்கியம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல் வைத்து, அதன் மேல் கம்பங்களை அடுக்க வேண்டும். வரிசைக்கு வரிசை ஒரே கனமுள்ள குறுக்குச் சட்டங்களைக் கொடுக்க வேண்டும். பலகையானால் இரண்டடிக்கு ஒரு சட்டம் வேண்டும். மேல் வரிசைச் சட்டம் கீழ் வரிசைச் சட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். இல்லையேல் பலகை அலை அலையாக வளையும். அடுக்கின் உச்சியில் கல் பாரம் ஏற்றி, மேலே கீற்று வேய்ந்து, காற்று வரும் மேற்குப் பக்கம் ஒரு தட்டியும் கட்டிவிட்டால் போதும். முனைகளில் மெழுகோ சாணக் குழம்போ பூசி வைத்தால் பிளவு குறையும்.

உலர்ந்ததை அறிய இயந்திரம் தேவையில்லை. அடுக்கில் ஒரு கம்பத்தை அடையாளமிட்டு வாரம் ஒரு முறை எடை போட்டுக் குறித்து வரலாம். எடை இறங்குவது நின்றுவிட்டால் இந்த ஊர்க் காற்று எடுக்கக்கூடிய ஈரத்தை எடுத்துவிட்டது என்று பொருள். சரியான சதவீதம் வேண்டுவோர் நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டு அறுத்து உடனே எடை போட்டு, கொதிநீர்ச் சூட்டுக்குச் சற்று மேலான அடுப்பில் எடை குறையாத வரை உலர்த்தி மீண்டும் எடை போடலாம். 625 கிராம் இருந்த துண்டு 500 கிராம் ஆனால், குறைந்த 125 கிராம் உலர்ந்த எடையில் 25 சதவீதம்.

அறுப்பது, துளையிடுவது, முனை சீவுவது ஆகிய எல்லா வேலைகளையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது உலர்த்தல்

ஆலையில் மரத்தை இரும்பு உருளைத் தொட்டியில் அடைத்து, முதலில் அதிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு மருந்துக் கரைசலை நிரப்பி அழுத்தம் கொடுக்கிறார்கள். ஒரு கன மீட்டர் வெள்ளை மரம் சில நூறு லிட்டர் கரைசலைக் குடித்துவிடலாம். அதில் மருந்து உப்பு சில கிலோ மட்டுமே, மற்றதெல்லாம் தண்ணீர். பாடுபட்டு உலர்த்திய மரம் மறுபடியும் பச்சை மரமாகிவிடுகிறது என்று கொள்ளலாம்.

லாரியில் வந்து இறங்கும் கம்பம் கனமாகவும் தொட்டால் குளிர்ச்சியாகவும் இருப்பது இதனால்தான். அதை அன்றே குழியில் இறக்கக்கூடாது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் மழை படாமல் நிழலில் வைக்க வேண்டும். மருந்து நாரோடு பிணையும் காலம் அது. அப்போது மழை பட்டால் மருந்து வழிந்து மண்ணுக்குப் போகும். இந்நாட்களில் வேகமாகக் காயவிடவும் கூடாது. அதன் பிறகு முன்போலவே சட்டம் கொடுத்து அடுக்கிக் காற்றாட விடலாம். ஓரங்குலப் பலகைக்கு ஒரு மாதத்துக்கு மேல், நான்கு அங்குலக் கம்பத்துக்கு இரண்டு மூன்று மாதம் என்று உத்தேசமாகக் கொள்ளலாம்.

ஈரத்தோடு பந்தல் போட்டால் என்ன நேரும்? மரம் பிறகு சுருங்கும்போது போல்ட்டுகள் தளர்கின்றன, ஆணிகள் ஆடுகின்றன, இழுத்துக் கட்டிய கம்பி தொய்கிறது. வாய்க்காலின் மேல் நடைபாலம் போடுவோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நான்கு அங்குலப் பலகை ஈரத்திலிருந்து உலரும்போது அகலத்தில் 5 மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். எனவே ஈரப் பலகையை நெருக்கி அடிக்க வேண்டும், இடைவெளி தானே விழும். உலர்ந்த பலகையானால் ஓர் ஆணியின் கனத்துக்கு இடைவெளி விட்டு அடிப்பதே முறை.

செம்பு உப்பு சாதாரண இரும்பை அரிக்கும். ஆகையால் துத்தநாகம் முலாம் பூசிய ஆணியும் போல்ட்டும் தேவை. கம்பத்தை அறுக்க நேர்ந்தால், அறுத்த வாயில் செம்பு கலந்த மர மருந்தை இரு முறை பூச வேண்டும். அப்படியும் அறுத்த முனை மேலேதான் இருக்க வேண்டும். ஆலையில் மருந்து ஏறிய முனையே மண்ணுக்குள் போக வேண்டும். குழியின் அடியில் ஒரு சட்டி சரளை போட்டால் தண்ணீர் தேங்காது.

பழைய முறையில் நுனியைத் தீயில் கரித்தும், தார் பூசியும் நடுவோர் இன்றும் உண்டு. உலர்ந்த மரத்தில் தார் ஓரளவு உதவும். பச்சை மரத்தில் பூசினால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்து அழுகலுக்கு வழி செய்யும்.

ஏமாறாமல் வாங்க

துறைமுகத்திலிருந்து வரும் பெட்டி மரங்களில் 'எச்.டி.' என்ற முத்திரை இருக்கும். அதைக் கண்டு மருந்து மரம் என்று விற்பவர்கள் உண்டு. அம்முத்திரைக்கு, மரத்தின் உள்வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சி கொல்லப்பட்டது என்பது மட்டுமே பொருள். வெளியே வைத்தால் அது வெறும் மரந்தான். மலைக்கு அப்பால் கேரளத்திலிருந்து வரும் ரப்பர் மரப் பலகைக்குப் போரிக் அமிலமும் வெண்காரமும் ஏற்றுகிறார்கள். அது மேசை நாற்காலிக்கு நல்லது. போரான் உப்பு மழையில் கரைந்துவிடும். எனவே தோட்டத்துக்கு ஆகாது. வாங்குமுன் என்ன மருந்து, கன மீட்டருக்கு எத்தனை கிலோ உப்பு ஏறியது என்று கேட்டு, ஒரு கம்பத்தை நடுவில் அறுத்துப் பார்க்க வேண்டும். பச்சை வளையம் வெள்ளை மரம் முழுவதும் பரவியிருந்தால் சரி. காகிதம் போல் மேலே மட்டும் இருந்தால் வேண்டாம்.

ஒரு துண்டைக்கூட அடுப்பில் வைக்கக்கூடாது

ஆர்செனிக் என்பது பாஷாணம் என்பதை மறக்கலாகாது. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு இறுதியோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இம்மருந்தை ஏற்றுவதை ஆலைகள் நிறுத்திக்கொண்டன. ஆர்செனிக் இல்லாத செம்பு மருந்துகள் அங்கே அந்த இடத்துக்கு வந்தன. விவசாயக் கால்களுக்குப் பழைய மருந்து தொடர்ந்தது. மண்ணில் கசியும் சிறிதளவு ஆர்செனிக் பெரும்பாலும் காலைச் சுற்றிச் சுமார் ஓரடிக்குள் தங்குகிறது. அந்த இடத்தில் கீரையும் முள்ளங்கியும் போடாதிருப்பது நலம். தீவனத் தொட்டி, ஆட்டுப் பரண், பழம் காய வைக்கும் தட்டு ஆகியவற்றுக்கு இம்மரம் கூடவே கூடாது.

பெரிய ஆபத்து, மீந்த துண்டுகளிலும் மரத்தூளிலும் இருக்கிறது. வேலை முடிந்ததும் துண்டுகளைப் பொறுக்கிச் சமையல் அடுப்பில் வைப்பது கிராமத்து வழக்கம். மருந்து மரத்தை எரித்தால் புகையிலும் ஆர்செனிக் வரும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலின் உப்புச் சுவைக்காக மாடுகள் நக்கி இறந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. அச்சாம்பலைப் பாத்திரம் துலக்கவோ எருக்குழியில் போடவோ கூடாது. அறுக்கும்போது மூக்கில் துணி கட்டி, கீழே சாக்கு விரித்துத் தூளைச் சேகரிக்க வேண்டும்.

நட்ட கால்களை ஆண்டுக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் பார்ப்பது போதும். காலைச் சுற்றி அரை அடி மண்ணைத் தள்ளி, மண்மட்டத்துக்குக் கீழே கூரான இரும்புக் குத்தூசியால் நான்கு பக்கமும் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரத்தில் ஊசி இறங்காது. மெத்தென்று இறங்கினால், பக்கத்தில் உலர்ந்த புதுக்காலை ஊன்றிப் பாரத்தை அதன் மேல் ஏற்றிய பிறகே பழையதைப் பிடுங்க வேண்டும்.