விளையாட்டும் பொதுவுரிமையும்

தேர்த் திருவிழாவன்று இறைவன் வீதியுலா வருகின்றான். கோயிலுக்கு நடந்து செல்லவியலாத முதியவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே கைகூப்புகின்றார். நோயுற்றோர் சாளரத்தின் வழியே கண்டு மகிழ்கின்றனர். அக்காட்சிக்கு எவரும் கட்டணம் செலுத்துவதில்லை. ஆயினும், தேர் தானே உருண்டு வந்துவிடுவதில்லை. அதனைப் பழுது பார்க்கும் தச்சர்க்கும், சக்கரத்திற்கு முட்டுக்கட்டையிட்டுத் திருப்புவோர்க்கும் கூலி உண்டு. அக்கூலியை ஊர் ஏதேனும் ஒரு வழியில் கொடுத்தே ஆகவேண்டும். காட்சியோ பொது, செலவோ உண்மை. இவ்விரண்டையும் பொருத்துவது எங்ஙனம்? இவ்வினா தேருக்கு மட்டும் உரியதன்று. நாட்டின் பெயரால் நடைபெறும் பெரிய விளையாட்டுப் போட்டிகளைத் தொலைக்காட்சியிற் காட்டும் முறைக்கும் இதுவே வினாவாகும்.

1982 ஆம் ஆண்டில் புது தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி அவ்வாண்டிலேதான் தொடங்கிற்று. மறு ஆண்டு ஜூன் 25 ஆம் நாள், இலண்டன் மாநகரின் லார்ட்ஸ் திடலில், கபில் தேவ் தலைமையில் ஆடிய இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளின் அணியை 43 ஓட்ட வேறுபாட்டில் வென்று உலகக் கோப்பையைப் பெற்றது. அக்காலத்தில் நம் நாட்டில் தொலைக்காட்சி என்றால் அரசின் தூர்தர்ஷன் ஒன்றே. ஒரு தெருவில் ஒரு வீட்டிற் கருவி இருந்தால், அத்தெருவினர் பலரும் அவ்வீட்டுக் கூடத்திற் கூடுவர். இடம் போதாதவர் வாயிற்படியில் நின்று காண்பர். கருவி வாங்கியவர் ஒருவர். கண்டு களித்தவர் பலர்.

பின்னர்க் காலம் மாறிற்று. 1990 க்குப் பின்னர்ச் செயற்கைக்கோள் வழியாகவும் கேபிள் வழியாகவும் தனியார் தொலைக்காட்சிகள் வீடுகளுக்குள் நுழைந்தன. விளையாட்டுக்கென்றே தனி அலைவரிசைகள் தோன்றின. ஒரு போட்டியைக் காட்டும் உரிமை விலைப்பொருளாயிற்று. மிகுந்த விலை கொடுத்தவரே அதனைக் காட்டுவர் என்னும் நிலை வந்தது. திங்கள்தோறும் கட்டணம் செலுத்துவோர் கண்டனர். செலுத்தவியலாதார் மறுநாட் செய்தித்தாளைப் புரட்டினர். பெரிய போட்டிகள் கட்டணத் தொலைக்காட்சிக்கு உரியனவா, அன்றி அனைவரும் காணும் பொதுத் தொலைக்காட்சிக்கு உரியனவா என்னும் வழக்கு அப்பொழுது எழுந்தது.

இவ்வழக்கு மெய்யாகவே நீதிமன்றப் படியேறிய வரலாறு அறியத்தக்கது. 1993 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வங்காளக் கிரிக்கெட் சங்கத்தார் ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்தினர். அதனை ஒளிபரப்பும் உரிமையை அவர்கள் ஓர் அயல்நாட்டு நிறுவனத்திற்கு வழங்கினர். தூர்தர்ஷன் இதற்கு இசையவில்லை. 1885 ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டப்படி அலைகளின் வழியே செய்தி செலுத்தும் தனியுரிமை அரசுக்கே உண்டு என்பது அரசுத் தரப்பின் வாதம். அயல்நாட்டிலிருந்து வந்த கருவிகள் சுங்கத் துறையினரால் தடுத்து நிறுத்தப்பட்டன. ஆட்டம் திடலில் நடந்துகொண்டிருக்க, அதனைக் காட்டுவது யார் என்னும் போராட்டம் நீதிமன்றத்தில் நடந்தது. இறுதியாட்டம் நவம்பர் 27 ஆம் நாள் கல்கத்தாவின் ஈடன் தோட்டத் திடலில் நடைபெற்றது. அனில் கும்ப்ளே 12 ஓட்டங்களே கொடுத்து 6 விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா வெற்றி பெற்றது. வழக்கோ ஆட்டத்தோடு முடியவில்லை.

1995 ஆம் ஆண்டு பிப்ரவரி 9 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் சாரம் இது: வானலைகள் பொதுமக்களின் சொத்து. அவை அரசின் தனிச்சொத்தும் அல்ல; பொருள் படைத்தோரின் தனிச்சொத்தும் அல்ல. பொதுநலத்தைக் கருதும் ஓர் அமைப்பே அவற்றைப் பேணவேண்டும். பேச்சுரிமை என்பது பேசுவோர்க்கு மட்டும் உரியதன்று. கேட்போரும் காண்போரும் அதில் பங்குடையர். போட்டியை நடத்துவோர் தம் விருப்பப்படி உரிமையை வழங்கலாம் என்பதை இத்தீர்ப்பு ஏற்றது. அதனோடு, காண்போரின் நலன் புறக்கணிக்கப்படலாகாது என்பதையும் வலியுறுத்திற்று. இருசாரார்க்கும் இதில் பாடம் இருந்தது.

ஆயினும், கொள்கை நிலைபெறுவது வேறு. அது நடைமுறைக்கு வருவது வேறு. 2004 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய அணி பாக்கிஸ்தானுக்குச் சென்றது. பல்லாண்டுகள் கழித்து நிகழ்ந்த முழுப் பயணம் ஆதலின், நாடெங்கும் ஆர்வம் பொங்கியது. ஒளிபரப்பு உரிமை தனியார் அலைவரிசை ஒன்றிடம் இருந்தது. கேபிள் இல்லாத வீடுகளின் கதி யாது? இவ்வினா சென்னை உயர்நீதிமன்றத்திற்குப் பொதுநல வழக்காக வந்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் வரை சென்று, தூர்தர்ஷனும் அப்போட்டிகளைக் காட்ட வழி பிறந்தது. முல்தான் நகரில் வீரேந்தர் சேவாக் 309 ஓட்டங்கள் குவித்ததைக் கேபிள் இல்லாத சிற்றூர்களும் கண்டன.

2007 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இன்னொரு பூசல் மூண்டது. மேற்கிந்தியத் தீவுகளின் அணி இந்தியாவில் ஆடிக்கொண்டிருந்தது. உரிமை பெற்ற தனியார் நிறுவனத்திற்கும் தூர்தர்ஷனுக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆட்டத்தை ஏழு நிமிடம் தாழ்த்தித் தூர்தர்ஷன் காட்டலாம் என்று இடைக்கால ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. ஏழு நிமிடம் சிறிது காலமே. ஆயினும் விளையாட்டில் அது பெரிது. கேபிள் உள்ள வீட்டில் ஆரவாரம் எழுந்து அடங்கிய பின்னரே அடுத்த வீட்டார் அந்த ஓட்டத்தைக் காண்பர். முன்னரே முடிவு தெரிந்த ஆட்டத்தில் சுவை ஏது? ஒரே ஆட்டத்தை ஒரே நாட்டு மக்கள் இரண்டு காலங்களிற் காண நேர்ந்தால், அவர்கள் ஒருங்கு மகிழ்ந்தனர் என்று கூறுதல் இயலாதன்றோ?

இத்தகைய பூசல்களுக்கு முடிவு காணும் பொருட்டு அவ்வாண்டிலேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. பிரசார் பாரதியுடன் விளையாட்டு ஒளிபரப்பைக் கட்டாயமாகப் பகிர்ந்துகொள்ள வகைசெய்யும் சட்டம் அது. பிரசார் பாரதி என்பது தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தும் பொது அமைப்பாகும். நாட்டுச் சிறப்புடையன என்று மத்திய அரசு அறிவிக்கும் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை பெற்றவர், அக்காட்சியை அதே நேரத்தில் பிரசார் பாரதிக்கும் வழங்கவேண்டும். அவர்தம் விளம்பரங்கள் அதில் இருத்தலாகாது. பிரசார் பாரதி தன் விளம்பரங்களைச் சேர்த்து ஒளிபரப்பும். அதனால் வரும் தொலைக்காட்சி வருவாயில் நூற்றுக்கு 75 பங்கிற்குக் குறையாமல் உரிமையாளர்க்குச் சேரும். எஞ்சிய 25 பங்கு பிரசார் பாரதிக்கு. வானொலி வருவாயோ இருவர்க்கும் செம்பாதி. ஒலிம்பிக் போட்டிகள், ஆசியப் போட்டிகள் முதலியன இவ்வகையில் அறிவிக்கப்பட்டுள்ளன.

இச்சட்டத்தின் நுட்பம் எண்ணத்தக்கது. இது தனியாரின் உரிமையைப் பறிக்கவில்லை. காட்சியைப் பகிரச் செய்கின்றது. இலவசமாகக் காண்பவர் மக்கள். எனினும் உரிமையாளர் வெறுங்கையராய்ப் போவதில்லை.

ஆயினும் உரிமையாளர் தரப்பிற் கூறப்படும் தடை ஒன்று உண்டு. அதனையும் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். ஒரு பொருளைத் தாம் ஒருவரே விற்கும்பொழுது அதற்கு விலை மிகுதி. அதனையே இன்னொருவர் இலவசமாக வழங்கினால் விலை குறையும். விலை குறைந்தால் விளையாட்டு வாரியத்தின் வருவாய் குறையும். அவ்வருவாயிலிருந்தே திடல்கள் பேணப்படுகின்றன; இளையோர் பயிற்சி பெறுகின்றனர்; மகளிர் அணிகள் வளர்கின்றன. எனவே, இன்று இலவசமாகக் காட்டினால் நாளை காட்டுதற்குரிய ஆட்டக்காரர் தோன்றார் என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதத்தைச் சோதித்தற்கு இங்கிலாந்து நாட்டின் அனுபவம் ஏற்ற உரைகல்லாகும். ஒலிம்பிக், உலகக் கால்பந்துக் கோப்பை, விம்பிள்டன் இறுதியாட்டம் முதலியவற்றை இலவசத் தொலைக்காட்சிக்கு உரியவை என அந்நாட்டுப் பட்டியல் காக்கின்றது. தம் நாட்டில் நடைபெறும் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டங்கள் 1998 ஆம் ஆண்டில் அந்த முழுக் காப்பிலிருந்து விலக்கப்பட்டன. 2005 ஆம் ஆண்டுக் கோடையில், 1989 முதல் ஆஸ்திரேலியாவிடம் இருந்த ஆஷஸ் வெற்றியை இங்கிலாந்து மீட்டது. அத்தொடரைச் சேனல் 4 என்னும் இலவசத் தொலைக்காட்சி காட்டிற்று. நாட்டிங்காம் நகரில் நடந்த ஆட்டத்தை ஒரு வேளையில் ஏறத்தாழ 84 இலட்சம் பேர் கண்டனர். அடுத்த ஆண்டு முதல் ஒளிபரப்பு ஸ்கை என்னும் கட்டணத் தொலைக்காட்சிக்குச் சென்றது. 2009 ஆம் ஆண்டில் இங்கிலாந்து மீண்டும் அவ்வெற்றியைப் பெற்றபொழுது, மிகுதியாகக் கண்ட வேளையிலும் காண்போர் தொகை 20 இலட்சத்தை எட்டவில்லை.

வாரியத்தின் கருவூலம் நிறைந்தது. காண்போர் கூட்டம் சுருங்கிற்று. பணத்தால் பயிற்சிக்கூடம் கட்டலாம். அதனுள் நுழையவேண்டும் என்னும் ஆசையைச் சிறுவன் உள்ளத்தில் விதைப்பது யாது? தன் நாட்டு வீரன் ஆடுவதைக் கண்ணாரக் காணும் காட்சியன்றோ? காணாத விளையாட்டில் எவர்க்கும் காதல் பிறப்பதில்லை. விளைநெல்லை முற்றும் நல்ல விலைக்கு விற்றுவிட்டு, விதைநெல்லுக்கு ஒன்றும் வையாத உழவனின் நிலைக்கு இது ஒப்பாகும்.

இதனை அந்நாட்டினரும் உணர்ந்தனர் என்பதற்குப் பின்னர் ஒரு சான்று கிடைத்தது. 2019 ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் இறுதியாட்டத்திற்கு இங்கிலாந்து அணி சென்றது. உரிமை பெற்றிருந்த ஸ்கை நிறுவனம் அவ்வாட்டத்தைச் சேனல் 4 உடன் பகிர்ந்துகொண்டது. ஜூலை 14 ஆம் நாள் லார்ட்ஸ் திடலில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் சமமாக ஓட்டம் எடுத்தன. முடிவு காண ஆடிய கூடுதல் ஓவரிலும் சமநிலையே ஏற்பட, எல்லைக்கோட்டைக் கடந்த அடிகளின் எண்ணிக்கையால் இங்கிலாந்து வென்றது. அரிதினும் அரிதான அந்த ஆட்டத்தைக் கட்டணம் செலுத்தாதோரும் கண்டனர்.

இனி, நம் நாட்டுச் சட்டத்திலும் ஒரு குறை நிற்கின்றது. பகிர்ந்து பெற்ற காட்சியைத் தூர்தர்ஷன் தன் நிலவழி ஒளிபரப்பிலும், நேரே வீட்டிற்கு அனுப்பும் தன் செயற்கைக்கோள் வழியிலுமே காட்டலாம். கேபிள் வழியாகச் செலுத்தலாகாது என்று 2017 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்படி அத்தீர்ப்பு அமைந்தது. ஆனால் இன்று பழைய நிலவழி ஒளிபரப்பு நிலையங்களிற் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. ஆதலின், சிறு தட்டுவடிவ ஏற்பியும் அதற்குரிய பெட்டியும் வாங்கித் தூர்தர்ஷனின் இலவசச் சேவையைப் பெறுவோர்க்கே இப்பயன் கிட்டுகின்றது. கேபிள் இணைப்புள்ள எளியவர் தூர்தர்ஷனைப் பெற்றிருந்தும் ஆட்டத்தைக் காணவியலாத நிலை நேர்கின்றது. 2023 ஆம் ஆண்டு உலகக் கோப்பையைக் கைப்பேசியில் இலவசமாகக் காட்டியது ஒரு தனியார் நிறுவனம். அது வரவேற்கத்தக்கதே, எனினும் அது வாணிக முடிவேயன்றிச் சட்டம் தந்த உரிமையன்று. இன்று தந்ததை நாளை நிறுத்தினால் கேட்பதற்கு எவர்க்கும் வழியில்லை.

எல்லா ஆட்டங்களும் இலவசமாகக் காட்டப்படவேண்டும் என்று கூறுதல் பொருந்தாது. நகரங்களின் பெயரால் வணிகர்கள் அமைத்த அணிகள் ஆடும் தொடர்களுக்கு அவர்கள் விலை கூறுவதில் தவறில்லை. விரும்புவோர் பொருள் கொடுத்துக் காணட்டும். நாட்டின் பெயரைத் தாங்கி ஓர் அணி களம் புகும்பொழுது நிலைமை வேறாகின்றது. அந்த அணியைத் தன் அணி என்று எண்ணுவதற்கு எந்தக் குடிமகனும் கட்டணம் செலுத்தவில்லை. அதன் தோல்வியில் ஏழையும் வருந்துகின்றான். அதன் வெற்றியில் அவனும் தலைநிமிர்கின்றான். உணர்ச்சியிற் பங்குடையவனைக் காட்சியில் மட்டும் புறத்தே நிறுத்துதல் முறையாகுமா?

ஆதலின், எவ்வெப் போட்டிகள் நாட்டுக்குப் பொது என்பதை வரையறுத்தல் அரசின் கடமை. அவற்றைப் பகிர்தல் உரிமையாளரின் கடமை. அவர்க்குரிய பங்கைக் குறைவின்றி அளித்தல் பொது அமைப்பின் கடமை. காலத்திற்கேற்பக் கருவிகள் மாறுமாயின், சட்டமும் அதற்கேற்பத் திருந்துதல் வேண்டும். தேர் வரும் வீதி மாறினால் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர்க்கு அதனைக் காணும் வழி ஒன்று வகுத்தல் வேண்டுமன்றோ? தச்சர்க்குக் கூலி தவறலாகாது. திண்ணையிலிருப்பவர்க்குக் காட்சியும் தவறலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதுதான் விழா எடுக்கும் ஊருக்கு அழகு.