தொழுநோய் பற்றிய எண்ணங்கள் மாறிய கதை

பத்தாம் வகுப்பு மாணவி

ஒரு காலத்தில் கற்றவரும் கல்லாதவரும் ஏற்றுக்கொண்ட கருத்து, பிறிதொரு காலத்தில் "இப்படியும் நம்பினார்களா!" என்று நம்மை வியக்க வைக்கிறது. இதற்கு எடுத்துக்காட்டு தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தொழுநோயைப் பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணங்களுள் மிகப் பெரிய ஒன்று மாறியது நம் வேலூரில்தான்.

தொழுநோய் பரம்பரையாக வருவது என்று ஐரோப்பிய மருத்துவர்களே முன்பு நம்பினர். நார்வே நாட்டின் பெர்கன் நகரில் புகழ்பெற்று விளங்கிய டாக்டர் டேனியல்சன் அவ்வாறே கருதினார். அவரிடம் பணிபுரிந்தவரும் அவருடைய மருமகனுமாகிய டாக்டர் ஹேன்சன், 1873-ஆம் ஆண்டில் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். மாமனாரின் கருத்து மருமகனாலேயே பழங்கருத்தாகிவிட்டது! ஆயினும் டேனியல்சனை அறிவிலி என்று நாம் நினைத்துவிடக் கூடாது. கிருமி உடலில் புகுந்தபின் நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம். தந்தைக்கு வந்த நோய் பல ஆண்டுகள் கழித்து மகனுக்கும் வந்தால், அது இரத்தத்தோடு வந்தது என்று எண்ணத்தானே தோன்றும்?

பழைய கருத்து போனால் அதனிடத்தில் வருவது நன்மையாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. "தொற்றும்" என்று தெரிந்தவுடன் அச்சம் பெருகிற்று. 1898-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொழுநோயாளர் சட்டம் என ஒன்று வந்தது. அதன்படி நோயுற்ற ஏழைகளைப் போலீசார் வாரண்டு இல்லாமலே பிடித்துச் செல்லலாம். பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும், வாடகை வண்டியில் ஏறவும் நோயாளிகளுக்குத் தடை விதிக்கலாம். உண்மையில் இந்நோய் எளிதில் தொற்றுவதே இல்லை. மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு இதை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு.

இனி வேலூருக்கு வருவோம். இந்நோய் சதையை அழுகச் செய்கிறது, விரல்கள் தாமாகவே உதிர்கின்றன என்ற எண்ணம் மருத்துவர்களிடையிலும் நெடுங்காலம் நிலவியது. அழுகும் கையில் அறுவை செய்து என்ன பயன் என்று யாரும் அதைத் தொடவில்லை. 1914-இல் நமது கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். டாக்டர் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தம் கையைப் பற்றி அழுத்தும்படி பிராண்ட் கேட்டார். அந்தப் பிடி அவருக்கு வலிக்கும் அளவுக்கு வலுவாக இருந்ததாம்! பயனற்றது என்று கைவிடப்பட்ட கையில் நல்ல தசைகள் இருந்தன. சில நரம்புகள்தாம் செயலற்றுப் போயிருந்தன. நலமாக உள்ள தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை 1948-இல் அவர் வேலூரில் செய்தார்.

ஆனால் விரல்கள் ஏன் குறைகின்றன? ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறினார். நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். பார்த்தால் அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டுகிறது. சாவி எலும்புவரை வெட்டியிருக்கிறது. அவனுக்கோ வலியே தெரியவில்லை. இரவில் உறங்கும்போது நோயாளிகளின் விரல்களை எலிகள் கடித்ததும் காவல் இருந்து பார்த்தபோது தெரியவந்தது. அதற்குப்பின் வீடு திரும்பும் நோயாளிகள் கையில் ஒரு பூனையோடு போனார்கள். சதை தானே அழுகவில்லை. வலி உணர்வு போனதால் சூட்டையும் வெட்டையும் அறியாமல் அவர்கள் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டார்கள். கூர்ந்து பார்த்தால் தெரியக்கூடிய இந்த உண்மையை யாரும் பார்க்கவில்லை; பார்க்கத் தேவையில்லை என்று பழைய கருத்து சொல்லியிருந்ததல்லவா?

காலுக்கும் இதே நிலைதான். ஆம்பூர் வட்டாரத்தில் வளரும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஷூ தொழிற்சாலையில் கட்டிங் பிரிவில் வேலை செய்யும் என் தந்தையாரிடம் கேட்டேன். செருப்பின் ஆணி சற்றே மேலே வந்தாலும் நாம் "ஆ" என்று கழற்றி எறிவோம். உணர்வில்லாதவரோ மாலைவரை நடப்பார் என்றார். ஆகவேதான் அவர்களுக்கென்று மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்னும் மெத்தென்ற ரப்பரில், ஆணி அடிக்காமல் செருப்பு செய்கிறார்கள். வேலூரிலும், 1955-இல் காட்பாடி அருகே தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் இதற்கான முயற்சிகள் பல நடந்தன.

இங்கே தோழியருக்காக ஒரு செய்தி. 1954-இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஊனமுற்றவர் டாக்டராக இருக்க முடியாது என்ற எண்ணமும் அவரால் பழையதாயிற்று.

அதே 1954-இல்தான் எம்.ஆர். ராதா நடித்த 'ரத்தக்கண்ணீர்' படம் வெளிவந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் அதை மறக்கமாட்டார்கள். அதில் தீய வழியில் போன கதாநாயகனுக்குத் தொழுநோய் வருகிறது. பார்ப்பவர் அதைத் தண்டனை என்றே எடுத்துக்கொள்வர். மூடநம்பிக்கைகளைச் சாடிப் புகழ்பெற்ற நடிகரின் படத்தில்கூட இந்த ஒரு நம்பிக்கை தப்பிப் பிழைத்திருப்பது எனக்கு வியப்பாக உள்ளது.

சட்டத்தின் கதை இன்னும் வியப்பானது. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை உண்டால் நோய் குணமாகிறது. ஆனால் அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, 2001-இல் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது, தீராத தொழுநோய் ஒரு காரணமாகப் புதிதாகச் சேர்க்கப்பட்டது! மற்ற மதத்தவரின் திருமணச் சட்டங்களிலும் இது முன்பே இருந்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. விவாகரத்துக் காரணங்களிலிருந்து இந்நோய் 2019-இல்தான் எடுக்கப்பட்டது. மருத்துவமனையில் மாறிய கருத்து, சட்டப் புத்தகத்தை எட்ட இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

வீடுகளை எட்ட இன்னும் காலம் ஆகும் போலிருக்கிறது. எங்கள் தெருவில் கனகாம்பரம் விற்கும் அம்மாள் ஒருவருக்கு விரல்கள் மடங்கியிருக்கும். நோய் குணமாகிப் பல ஆண்டுகள் ஆயின. ஆனாலும் எங்கள் ஆயா காசைக் கையில் கொடுக்காமல் கூடையில்தான் போடுவார். "ஏன் ஆயா?" என்றால், "கை அப்படியேதானே இருக்குது" என்பார். ஆயா இரக்கமில்லாதவர் அல்லர். அந்த அம்மாளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொடுத்தனுப்புகிறவரும் அவர்தான். கிருமி அழிந்தாலும் இறந்த நரம்பு மீள்வதில்லை, மடங்கிய விரல் நோயின் அடையாளம் அன்று, பழைய காயத்தின் தழும்பு போன்றது என்று ஆயாவுக்கு எடுத்துச் சொல்லி வருகிறேன். பாதி நம்பியிருக்கிறார்.

பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் தொழுநோய் ஒழிக்கப்பட்டதாக இந்தியா 2005-இன் இறுதியில் அறிவித்தது. ஆனால் இப்போதும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினரே. தோலில் நிறம் வெளிறிய, தொட்டால் உணர்ச்சி குறைந்த தேமல் இதன் முதல் அறிகுறி. அது அரிப்பதுமில்லை, வலிப்பதுமில்லை. ஆதலால் பலர் பொருட்படுத்துவதில்லை. வெளியே தெரிந்தால் அக்காளின் கல்யாணம் நின்றுவிடும் என்று மறைப்பவர்களும் உண்டு. மறைக்கும் அந்த மாதங்களில்தான் நரம்பு கெட்டுப்போகிறது. மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மை போய்விடுகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதை இலவசமாகத் தருகிறார்கள்.